முத்தும் ஈயும்: மன்னார்க் கரையில் லெனார்ட் வுல்ப்

முத்து என்ற சொல்லைக் கேட்டவுடன் தமிழ் படித்தவர் நெஞ்சில் கொற்கைத் துறை தோன்றும். பாண்டியன் மார்பில் அசையும் ஆரம் தோன்றும். பல்லுக்கும் பனித்துளிக்கும் கண்ணீருக்கும் புலவர்கள் முத்தையே உவமை காட்டினார்கள். ஆனால் அந்த முத்து சிப்பியின் வயிற்றை விட்டு வெளியே வரும் விதத்தைப் பாடிய புலவரை நான் கண்டதில்லை. காரணம் எளிது, அது பாடத்தக்க காட்சியன்று. கடலடியிலிருந்து அள்ளிய சிப்பியைக் கரையிலே குவித்து, வெயிலில் அழுகவிட்டு, புழு தின்று தீர்த்த சதையை நீரில் அலசி, அடியில் தங்கிய வண்டலைத் துழாவினால்தான் முத்துக் கைக்கு வரும். அரசியின் கழுத்துக்குப் போகும் பொருள் ஈக்கூட்டத்தின் நடுவிலிருந்து புறப்படுகிறது.

இந்தக் காட்சியை இருபத்தைந்தாவது வயதில் மன்னார்க் கரையில் கண்டு, பிற்காலத்தில் உலகப் பொதுவான ஆட்சிமுறைகளைப் பற்றிச் சிந்தித்த ஓர் ஆங்கிலேயரின் வரலாற்றை இங்கே கூற விரும்புகிறேன். லெனார்ட் வுல்ப் என்ற பெயரை நம் ஆசிரியரும் மாணவரும் இரண்டு வழிகளில் அறிவார்கள். ஆங்கில நாவலாசிரியை வெர்ஜீனியா வுல்பின் கணவர் என்பது ஒன்று. இலங்கைக் காட்டுக் கிராமம் ஒன்றின் கதையை 1913ஆம் ஆண்டில் நாவலாக எழுதியவர் என்பது மற்றொன்று. மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு என்று நான் எண்ணுகிறேன். மனிதன் வாழும் மண்ணும் குடிக்கும் நீரும் அவன் உடலின் விதியை எப்படி எழுதுகின்றன என்பதைக் கண்ணால் கண்டு, எழுத்திலே பதித்தவர் அவர். அந்த வழியில் அவரை அணுகினால், மன்னார்க் கரையில் அவர் கழித்த சில வாரங்கள் அவருடைய வாழ்க்கையில் சிறிய இடத்தைப் பெறுவன அல்ல என்பது விளங்கும்.

கேம்பிரிட்ஜிலிருந்து யாழ்ப்பாணம்

லெனார்ட் வுல்ப் 1880ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் லண்டன் மாநகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை புகழ்பெற்ற வழக்கறிஞர். மகனுக்குப் பதினொரு வயதாக இருக்கும்போதே அவர் மறைந்தார். வசதியாக வாழ்ந்த பெரிய குடும்பம் திடீரென்று சிக்கனத்தில் வீழ்ந்தது. உபகாரச் சம்பளத்தின் துணையோடு படித்து, 1899ல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் டிரினிட்டிக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே லிட்டன் ஸ்ட்ரேச்சி, பொருளியல் அறிஞர் கெய்ன்ஸ் முதலியோர் அவருடைய நண்பர்களானார்கள். உண்மை எது, நன்மை எது என்று இரவு முழுதும் வாதிடும் கூட்டம் அது.

1904ல் எழுதிய சிவில் சேவைப் பரீட்சையில் அவர் எதிர்பார்த்த இடம் கிடைக்கவில்லை. கீழைநாட்டுப் பதவியே வாய்த்தது. வோல்ட்டேரின் நூல்கள் தொண்ணூறு தொகுதிகளை உடன்கொண்டு கப்பலேறி, அவ்வாண்டு டிசம்பர் மாதம் கொழும்பில் இறங்கினார். யாழ்ப்பாணத்துக்குப் போகும்படி உத்தரவு. வடக்கு ரயில் பாதை அப்போது முற்றுப்பெறவில்லை. அனுராதபுரம் வரை ரயிலிலும் அதற்கப்பால் தபால் மாட்டு வண்டியிலுமாகக் காடு கடந்து, 1905ஆம் ஆண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். கச்சேரியில் கோப்புகளோடும் மனுக்களோடும் உழன்றார், தமிழும் கற்றார்.

அந்த ஆண்டு முடிவதற்குள் நெருப்புக்காய்ச்சல் அவரைப் பற்றிக்கொண்டது. டைபாய்டு என்று வைத்தியர்கள் சொல்லும் அதே நோய்தான். உயிர் தப்பி, மலைநாட்டில் தங்கி உடல் தேறினார். இதை நான் தற்செயலான ஒரு செய்தியாகக் கருதவில்லை. நெருப்புக்காய்ச்சல் காற்றில் பறந்து வருவதன்று. நோயாளியின் கழிவு குடிநீரிலோ உணவிலோ கலந்து, மற்றொருவர் வாய்க்குள் போனால்தான் அது தொற்றும். மணலும் சுண்ணக்கல்லும் கலந்த நம் வடபுலத்து மண்ணில் மேலே விழுவது விரைவாகக் கீழே இறங்கிவிடும். கிணறு ஒரு பக்கம், மலகூடம் ஒரு பக்கம், இடையே சில முழம் மண் என்ற நிலையில் நிலத்தடி நீர் இரண்டையும் சேர்த்துவைக்கும். ஆளும் இனத்தவரென்றும் ஆளப்படும் இனத்தவரென்றும் அந்த நீர் பார்ப்பதில்லை. அதிகாரத்தின் மேல்படியில் வந்து அமர்ந்த இளைஞருக்கு யாழ்ப்பாணம் முதலாண்டில் கற்பித்த பாடம் இது.

சலாபம் கூடிய கரை

உடல் தேறி மீண்டவரை 1906ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் அரசாங்கம் மறிச்சுக்கட்டிக்கு அனுப்பியது. மன்னார்த் தீவிலிருந்து தெற்கே, அருவியாறு கடலோடு கலக்கும் அரிப்பையும் சிலாவத்துறையையும் தாண்டி, மோதரகம ஆற்றின் பக்கமாக உள்ள கடற்கரை அது. கடலுக்குள் சில மைல் தூரத்தில் முத்துச் சிப்பி விளையும் பார்கள் கிடக்கின்றன. இன்னும் தெற்கே குதிரைமலை. அல்லியரசாணி ஆண்ட நாடு இதுவென்று மக்கள் இன்றும் கூறுவர். அரிப்பிலே ஆங்கிலத் தேசாதிபதி நோர்த் கட்டுவித்த மாளிகையின் இடிபாட்டையுங்கூட அல்லிராணி கோட்டை என்றே அழைக்கிறார்கள்.

சலாபம் என்பது முத்துக்குளிப்புக் காலத்துக்கு நம்மவர் வழங்கிய பெயர். பத்து மாதம் அங்கே முட்செடியும் மணலும் அன்றி வேறில்லை. சிப்பி முற்றிவிட்டது என்ற செய்தி பரவியதும் சில வாரங்களுக்குள் ஒரு நகரமே எழும். கிடுகினால் வேய்ந்த கொட்டில்கள் தெருத்தெருவாக நிற்கும். கச்சேரி, நீதிமன்றம், சிறைச்சாலை, தபாற் கந்தோர், வைத்தியசாலை எல்லாம் மணலின்மேல் தோன்றும். பாரசீக வளைகுடாவிலிருந்து அராபியக் குளியாட்கள் வருவார்கள். கீழக்கரையிலிருந்து முஸ்லிம்கள், தூத்துக்குடியிலிருந்து பரதவர்கள், யாழ்ப்பாணத்திலிருந்து வியாபாரிகள், தென்னாட்டிலிருந்து செட்டிமார்கள் என்று பல்லாயிரவர் கூடுவார்கள். சுறாவின் வாயைக் கட்டும் மந்திரக்காரனாகிய கடற்கட்டிக்கும் அங்கே கூலி உண்டு.

குளியாள் காலிலே கல்லைப் பிணைத்துக்கொண்டு ஐந்து பாகமும் அதற்கு மேலும் ஆழம் இறங்குவான். மூச்சை அடக்கி, ஏறத்தாழ ஒரு நிமிடம் சிப்பியை அள்ளிக் கூடையில் நிரப்பிக் கயிற்றை அசைப்பான். மேலே இருப்பவன் இழுப்பான். காலை தொடங்கி நண்பகல் வரை இப்படிப் பலமுறை. காது வலி, இரத்தம் கசிதல், மார்பு நோய் எல்லாம் இத்தொழிலோடு ஒட்டிப் பிறந்தவை. வள்ளங்கள் கரை சேர்ந்ததும் சிப்பிகள் கொட்டு எனப்படும் பெரிய வேலியடைப்புக்குள் கொண்டுவரப்பட்டு, மூன்று பங்காகப் பிரிக்கப்படும். மூன்றில் ஒன்று குளியாட்களுக்கு. மற்ற இரண்டும் ஏலத்துக்கு. இந்தப் பங்கீட்டைப் பார்ப்பதும் கூட்டத்தை ஒழுங்கில் வைப்பதுமே வுல்பின் வேலை. காற்று மாறி வள்ளங்கள் நள்ளிரவில் வந்தால் விடியும் வரை கொட்டில் நிற்கவேண்டும். உறக்கமின்றி, மணலில் அலைந்து, வெயிலில் காய்ந்து அவர் அந்த வாரங்களைக் கழித்தார்.

சிப்பியை வாங்கியவர்கள் அதைத் தம் அடைப்புகளுக்குக் கொண்டுபோய் அழுகவிடுவார்கள். ஒரு வள்ளம் அன்று, நூறு வள்ளம் அன்று. சலாபம் நடக்கும் நாளெல்லாம் கோடிக்கணக்கான சிப்பிகள். இறைச்சிக் கடையின் கழிவை ஒரு நாள் மூடாமல் விட்டால் தெரு என்ன பாடுபடும் என்பது நமக்குத் தெரியும். அங்கே வாரக்கணக்கில் ஒரு மலைத்தொடர் அழுகியது. அதன் நாற்றம் மனிதனின் தலைமயிரிலும் ஆடையிலும் உணவிலும் புகுந்துவிடும். ஈக்களோ எண்ணில் அடங்காதவை. கிண்ணத்தை வாயருகே கொண்டுபோவதற்குள் பானத்தில் ஈ விழுந்துவிடும். ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு தம் சுயசரிதையின் இரண்டாம் பகுதியை 1961ல் வெளியிட்டபோது வுல்ப் அந்த நாற்றத்தையும் ஈயையும் மறக்கவில்லை.

நாற்றமும் நஞ்சும்

இங்கே வாசகர்கள் சற்று நின்று ஒன்றைச் சிந்திக்கவேண்டும். சலாபத்தைப் பார்த்து எழுதிய பழைய பிரயாணிகள் பலர் ஒரு விந்தையைக் குறித்திருக்கிறார்கள். நாற்றம் தாங்கமுடியாததாக இருந்தும் அது உடலுக்குத் தீங்கு செய்வதாகத் தெரியவில்லை என்பதே அது. கெட்ட காற்றே எல்லா நோய்க்கும் மூலம் என்று மேனாட்டு வைத்தியம் நம்பிய காலத்தில் இது ஒரு புதிராகவே இருந்திருக்கும். ஆனால் அதே சலாபங்களில் வாந்திபேதி புகுந்து முகாமே கலைந்த சம்பவங்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உண்டு. நாற்றம் எல்லா ஆண்டும் இருந்தது. வாந்திபேதியோ சில ஆண்டுகளில் மட்டுமே வந்தது. அப்படியானால் கொன்றது எது?

விடை நீரில் இருந்தது. 1854ல் லண்டனில் ஒரு தெருக் குழாயின் நீரைக் குடித்தவர்களே மிகுதியாக மாண்டதை ஜோன் ஸ்நோ என்ற வைத்தியர் கணக்கிட்டுக் காட்டினார். 1884ல் கல்கத்தாவில் ரொபர்ட் கோக் என்ற ஜெர்மன் அறிஞர் வாந்திபேதிக் கிருமியை நோயாளியின் குடலிலும் குளத்து நீரிலும் கண்டார். மன்னார்க் கரையின் மணலில் தோண்டும் கிணற்றில் நல்ல நீர் ஓர் ஆடைபோல உப்பு நீரின்மேல் மிதந்து கிடக்கும். ஒரு சிற்றூருக்குப் போதுமான அந்த ஆடையை ஒரு நகரமே வந்து உறிஞ்சினால் என்ன ஆகும்? நீர் குறையும், உவர் ஏறும், கிடைத்த குட்டையிலும் ஊற்றிலும் மக்கள் மொள்ளத் தொடங்குவார்கள். அதே மணலில் பல்லாயிரம் பேரின் கழிவும் விழும். எங்கிருந்தோ கப்பலில் வந்த ஒருவன் குடலில் கிருமி இருந்தால் போதும். மற்றதை மண்ணும் நீரும் பார்த்துக்கொள்ளும்.

ஈயையும் வீண் தொல்லை என்று தள்ளிவிட முடியாது. 1898ல் அமெரிக்கப் படை முகாம்களில் நெருப்புக்காய்ச்சல் பரவியபோது வால்ட்டர் ரீட் தலைமையில் ஆராய்ந்த வைத்தியர் குழு, மலக்குழியிலிருந்து சமையற்கூடத்துக்குப் பறக்கும் ஈயையும் ஒரு காரணமாகக் கண்டது. சிப்பி அழுகல் தன்னளவில் நஞ்சன்று. அது வளர்த்த ஈ திறந்த கழிவிடத்தில் அமர்ந்து சோற்றுத் தட்டுக்குப் பறந்தால், அப்போது அது நஞ்சைச் சுமக்கும் தூதன். மூக்கு அஞ்சியது ஒன்று. உயிரை வாங்கியது வேறொன்று. கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியும் அழுக்கை அகற்றி வாசனை தெளித்துவிட்டால் சுகாதாரம் வந்துவிட்டது என்று எண்ணுகிற மனப்பான்மை இன்றும் நம்மிடம் இருக்கிறது. அதனால்தான் இந்தப் பழைய கரையின் பாடத்தைச் சற்று விரித்துச் சொன்னேன்.

இந்த அச்சம் சலாபத்தோடு நின்றதுமன்று. கோப்பித் தோட்டக் காலத்தில் தென்னிந்தியத் தொழிலாளர் வள்ளங்களில் இதே மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை நூற்றைம்பது மைலுக்கும் குறையாத காட்டுவழியை நடந்தே கடந்தார்கள். வழியில் கிடைத்த குளத்து நீரைக் குடித்து வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பாதையோரத்தில் மடிந்தவர்களுக்குச் சரியான கணக்கே இல்லை. முத்துக்கு ஒவ்வொரு மணியாகக் கணக்கு வைத்த பேரேடுகள் கிடைக்கின்றன. இந்த வழிநடைக்காரர்களுக்கு அப்படி ஒரு பேரேடு எழுதப்படவில்லை. எது மதிப்புள்ளது என்று ஓர் அரசு கருதுகிறதோ அதையே அது எண்ணும்.

கரையில் ஒரு சடலம்

சிலாவத்துறைப் பக்கத்துக் கரையில் ஒரு மாலை நேரம் நான் நடந்திருக்கிறேன். காலடியில் மணலைவிடச் சிப்பியோடே மிகுதி. நூற்றாண்டுகளின் சலாபங்கள் விட்டுச்சென்ற மிச்சம். காற்றிலே உப்பு வாசனையைத் தவிர வேறில்லை. அந்தச் சிப்பிக் குவியல்களைப் பார்த்தபோது, ஒவ்வொன்றையும் ஒரு மனிதன் மூச்சை அடக்கி எடுத்துவந்தான் என்ற எண்ணமே மேலோங்கியது.

வுல்பின் மனத்திலும் அந்த மனிதனே நின்றுவிட்டான். சலாபத்தில் ஓர் அராபியக் குளியாள் இறந்தான். அவன் உடலைக் கரைக்குக் கொண்டுவந்து, அவனுடைய கூட்டத்தார் அமைதியும் கண்ணியமும் குன்றாமல் துயர் கொண்டாடியதை வுல்ப் நேரில் பார்த்தார். பிற்காலத்தில் சலாபத்தைக் களமாக வைத்து ஒரு சிறுகதை எழுதினார். 1921ல் அவருடைய கீழைநாட்டுக் கதைத் தொகுப்பில் அது வெளிவந்தது. ஆளவந்த வெள்ளையன் ஒருவன் குடியினால் சிதைந்து, பிதற்றிக்கொண்டே சாகிறான். அதே இரவில் குளியாள் ஒருவனின் மரணத்தை அராபியர்கள் பெருந்தன்மையோடு ஏற்கிறார்கள். பின்னணியில் அழுகும் சிப்பியும் மொய்க்கும் ஈயும். நாகரிகம் யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியை ஆசிரியர் வாய்திறந்து கேட்கவில்லை, கதையே கேட்கிறது. ஏகாதிபத்தியத்தின் ஊழியராகக் கப்பலேறியவர் அதன் எதிரியாக மாறிய பாதையில் மன்னார்க் கரை ஒரு மைல்கல் என்று நான் சொல்வதற்கு இந்தக் கதையே ஆதாரம்.

காடும் காய்ச்சலும்

1907ல் அவர் கண்டிக்கு மாற்றப்பட்டார். 1908ல் அம்பாந்தோட்டைக்கு உதவி அரசாங்க அதிபரானார். ஏறத்தாழ ஆயிரம் சதுர மைல் நிலம், ஒரு லட்சம் மக்கள், வயது இருபத்தெட்டு நிறையவில்லை. மன்னாரைப் போலவே வறண்ட நாடு. கடலோரத்தில் உப்பு, உள்ளே காடு. காட்டுக்குள்ளே சேனைப் பயிர் செய்து வாழும் சிற்றூர்களைக் குதிரையிலும் நடந்தும் சென்று பார்த்தார். மலேரியாக் காய்ச்சலும் பறங்கிப் புண்ணும் பசியும் அவ்வூர்களின் நிரந்தரக் குடிகளாக இருந்தன. மழை பொய்த்தால் பயிர் இல்லை. பயிர் இல்லையேல் கடன். கடன்பட்ட உடலுக்குக் காய்ச்சலை எதிர்க்க வலிமை இல்லை. நோய் எங்கே முடிகிறது, வறுமை எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் காட்ட முடியாத வாழ்க்கை அது.

1909, 1910ஆம் ஆண்டுகளில் வெக்கை என்னும் மாட்டுக் கொள்ளைநோய் அவருடைய மாவட்டத்தில் புகுந்தது. மாடுகளைக் கட்டிவைக்கவேண்டும், திரியும் மாட்டைச் சுடவேண்டும் என்பது சட்டம். வுல்ப் அதைக் கண்டிப்பாக நிறைவேற்றினார். துப்பாக்கியைத் தாமே எடுத்தார். தொற்றைத் தடுக்க வேறு வழி அப்போது இல்லை என்பது உண்மை. ஆனால் எருமையே ஏர், எருமையே செல்வம் என்று வாழ்ந்த குடியானவனுக்கு அந்த வெள்ளைத்துரை நோயைவிடக் கொடியவனாகத் தெரிந்தான். தம்மை மக்கள் வெறுத்ததை வுல்ப் பின்னாளில் மறைக்காமல் எழுதினார். நோயின் காரணத்தை அதிகாரி அறிந்திருந்தால் மட்டும் போதாது. அந்த அறிவு மக்களுடைய மொழியில், மக்களுடைய நம்பிக்கையோடு அவர்களிடம் போய்ச் சேராவிட்டால் சுகாதாரச் சட்டமும் ஒரு கொடுமையாகவே தோன்றும். பொதுச் சுகாதாரத்தில் உழைக்கும் ஒவ்வொருவரும் மனத்தில் வைக்கத்தக்க செய்தி இது.

1911ல் விடுமுறையில் இங்கிலாந்து சென்றவர் மீளவில்லை. அடுத்த ஆண்டு பதவியைத் துறந்தார். ஆகஸ்ட் மாதம் 10ஆம் நாள் வெர்ஜீனியாவை மணந்தார். 1913ல் வெளிவந்த நாவலிலே துரையும் இல்லை, துரைசானியும் இல்லை எனலாம். காட்டோரத்துச் சிங்களக் குடும்பம் ஒன்று பசியாலும் காய்ச்சலாலும் கடனாலும் ஊர்த்தலைவனின் வஞ்சத்தாலும் ஒவ்வொருவராக அழிய, முடிவில் காடு அந்த ஊரையே விழுங்கிவிடுகிறது. ஆளுகிறவன் ஆளப்படுகிறவனின் உள்ளத்துக்குள் புகுந்து எழுதிய அருமையான நாவல்களில் அது ஒன்று. 1980ல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அதைச் சிங்களத் திரைப்படமாக எடுத்தார்.

எல்லை அறியாத நோய்

முதலாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, நாடுகள் போரின்றி வாழ வழி உண்டா என்று ஆராயும்படி பேபியன் சங்கம் வுல்பைக் கேட்டது. அதன் பயனாக 1916ல் சர்வதேச ஆட்சியைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. பின்னர் சர்வதேச சங்கத்தை அமைக்க முயன்றவர்களுக்கு அது கைந்நூலாயிற்று. நாடுகள் தம் உரிமையை விட்டுக்கொடுத்து ஏற்கெனவே ஒன்றுகூடியிருக்கும் துறைகளை அவர் தேடிப் பார்த்தார். தபால், தந்தி, வாணிபம் ஆகியவற்றோடு சுகாதாரத்தையும் அவர் எடுத்துக்கொண்டார்.

அந்த வரலாறு சுவையானது. வாந்திபேதியைத் தடுப்பது எப்படி என்று பேச 1851ல் பாரிஸில் பன்னிரண்டு நாடுகள் கூடின. ஒவ்வொரு நாடும் ஒரு வைத்தியரையும் ஒரு ராஜதந்திரியையும் அனுப்பியது. கப்பலைத் துறைமுகத்தில் தடுத்து வைத்தால் வாணிபம் கெடும் என்று கப்பல் மிகுந்த நாடுகள் வாதிட்டன. தடுக்காவிட்டால் ஊர் கெடும் என்று மற்றவை வாதிட்டன. ஏறத்தாழ ஆறு மாதம் பேசியும் பயன் விளையவில்லை. நடைமுறைக்கு வந்த முதல் உடன்படிக்கைக்கு 1892ஆம் ஆண்டு வெனிஸ் மாநாடு வரை உலகம் காத்திருந்தது. நாற்பத்தொரு ஆண்டுகள்! இடையில் கோக் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார்; நாடுகளின் பணப்பைதான் இறுதிவரை தடையாக நின்றது.

நூலகத்தில் அமர்ந்து இந்த அறிக்கைகளைப் படித்த வுல்புக்கு அவை வெறும் காகிதமாக இருந்திருக்க முடியாது என்பது என் கருத்து. பஹ்ரேனின் குளியாளும் கீழக்கரையின் குளியாளும் யாழ்ப்பாணத்து வியாபாரியும் ஒரே ஊற்று நீரைக் குடித்த கரையில் நின்றவர் அவர். அங்கே ஒருவன் குடலில் இருக்கும் நோய் ஒரு மாதத்துக்குள் மூன்று நாடுகளுக்குப் போய்ச் சேரும். சலாபம் ஒரு சிறிய உலகம். உலகம் ஒரு பெரிய சலாபம். சர்வதேச சங்கத்தின் சுகாதார அமைப்பு பின்னர் தோன்றியது. 1925ல் சிங்கப்பூரில் அமைந்த அதன் கீழைநாட்டு நிலையம் துறைமுகங்களின் நோய்ச் செய்திகளைத் தந்தி மூலம் திரட்டிப் பரப்பியது. 1948ல் உலகச் சுகாதார நிறுவனம் பிறந்தது. இவற்றை வுல்ப் தனித்து நின்று படைக்கவில்லை. ஆனால் இவற்றுக்கு வேண்டிய சிந்தனையைப் பயிரிட்டவர்களில் அவரும் ஒருவர்.

வெர்ஜீனியாவின் மனநோயைப் பல ஆண்டுகள் கண்ணும் கருத்துமாகக் காத்து, 1941ல் அவரை இழந்தார். இருவரும் 1917ல் தொடங்கிய ஹோகார்த் அச்சகத்தைத் தொடர்ந்து நடத்தினார். 1960ல், எழுபத்தொன்பதாம் வயதில், சுதந்திர இலங்கையைப் பார்க்க வந்தபோது மக்கள் அவரை அன்போடு வரவேற்றார்கள். 1969ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14ஆம் நாள் மறைந்தார்.

கிணற்றில் வந்த புதியவன்

அவர் நின்ற சலாபமும் நெடுநாள் நிலைக்கவில்லை. 1907க்குப் பிறகு பல ஆண்டுகள் சிப்பி விளையவில்லை. 1925ல் ஒரு சலாபம் நடந்தது. பழைய பெருமை திரும்பவில்லை. முத்து போயிற்று. நீரைப் பற்றிய கேள்வியோ மன்னாரை விட்டுப் போகவில்லை.

1934-35ல் மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகத் தேங்கியபோது, அவற்றில் பெருகிய நுளம்பு பரப்பிய மலேரியா இலங்கையில் ஏறத்தாழ எண்பதாயிரம் உயிர்களைக் கொண்டது. அந்த நாடே நெடிய போராட்டத்தின்பின் 2012க்குப் பிறகு உள்நாட்டில் தொற்றிய மலேரியா நோயாளி இல்லாத நிலையை அடைந்தது. 2016 செப்டம்பரில் மலேரியா ஒழிந்த நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் சான்று தந்தது. அந்த மகிழ்ச்சி ஆறுவதற்குள், அதே ஆண்டின் இறுதியில், மன்னார்த் தீவின் கிணறுகளில் ஒரு புதிய விருந்தாளியைப் பூச்சியியலாளர் கண்டார்கள். அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற அந்த நுளம்பு அதற்கு முன் இலங்கையில் காணப்படாதது. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது அதுவே. குட்டையையும் ஆற்றையும் தேடிப் போகாமல் வீட்டுக் கிணற்றிலும் நீர்த்தொட்டியிலுமே முட்டையிட்டுப் பெருகும் இயல்பினது. மணற்பாங்கான தீவில், வீட்டுக்கு வீடு ஆழமற்ற கிணறு வைத்து வாழும் மக்களிடையே அது வந்து இறங்கியதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. பயன்படாத கிணறுகளைத் தூர்த்தும், புழுவைத் தின்னும் மீன்களை மற்றக் கிணறுகளில் விட்டும் சுகாதாரத் துறையினர் அதை எதிர்த்து நின்றார்கள்.

ஈயைப் போல் அது மொய்த்துத் தொல்லை தராது; சிப்பியைப் போல் நாறாது. தெளிந்த நீரில், கண்ணுக்கு அழகாகத் தெரியும் கிணற்றில் இருக்கும். மூக்குக்கு எட்டாத ஆபத்தை எட்டிப் பிடிக்கும் கருவி அறிவு ஒன்றே. அந்த அறிவை வகுப்பறையிலும் வீட்டு முற்றத்திலும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவர்கள் ஆசிரியர்களும் எழுத்தாளர்களும். அம்பாந்தோட்டையில் துப்பாக்கி செய்ய முடியாததை, விளங்கும்படி சொன்ன நாலு வார்த்தைகள் மன்னாரில் செய்யக்கூடும். கிணற்றுக்குள் மீனை விடுகிற உத்தியோகத்தரை வீட்டுக்காரர் வாசலில் நின்று வரவேற்கும் நாளில், தாம் மறிச்சுக்கட்டியில் கண்டதற்கும் அம்பாந்தோட்டையில் பட்டதற்கும் ஒரு பயன் விளைந்தது என்று லெனார்ட் வுல்ப் ஒப்புக்கொண்டிருப்பார்.